சோறா, சேவையா, இயேசுவா? தன்னையே குறுக்கு விசாரணை செய்த பண்டித ரமாபாய்

உங்க ஃப்ரெண்ட் ஒருத்தர் திடீர்னு கிறிஸ்தவரா மாறிட்டார்னு வைங்க. உங்க மனசுல முதல்ல என்ன ஓடும்? லவ் மேட்டரா இருக்குமோ, காசு கொடுத்திருப்பாங்களோ, ஏதாவது காலேஜ் சீட்டோ? அவருக்கு இயேசுவைப் பிடிச்சிருச்சு போலன்னு நினைக்கிறதுக்கு முன்னாடி இத்தனை சந்தேகமும் வரிசையில வந்து நிக்கும். இல்லையா?

சரி, பிறந்ததிலிருந்தே சர்ச்சுக்குப் போறவரா நீங்க? அப்ப இதே கேள்வியை உங்க பக்கம் திருப்புவோம். நீங்க எதுக்குப் போறீங்க? வீட்ல திட்டுவாங்கன்னா? கொயர்ல இருக்குற நண்பர்களுக்காகவா? செமஸ்டர் ரிசல்ட்டுக்காகவா? நரக பயமா? உண்மையைச் சொன்னா, பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. யாரும் கேட்டதில்ல, நாமளும் கேட்டுக்கிட்டதில்ல.

ஆனா ஒரு பெண்ணிடம் இந்தக் கேள்வியை ஊரே கேட்டது. பத்திரிகைகள் கேட்டன. அவரை மாற்றிய சபைக்காரர்களே கேட்டார்கள். கடைசியில் அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். அவர் சொன்ன பதில் யாருக்குமே வசதியாக இல்லை. அவர்தான் பண்டித ரமாபாய்.

ஸ்கூல் புத்தகத்தில் ஒரு பத்தியில் கடந்து போயிருப்பீங்க. பெண் கல்வி, விதவைகள் இல்லம், சீர்திருத்தவாதி. அவ்வளவுதான். அந்தப் பத்திக்குள் அடங்காத கதை இது.

1858 ஏப்ரல் 23. இன்றைய கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில், கங்காமூலா என்ற இடத்தில் பிறந்தார் ரமா. அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே, பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்ணுக்கு சமஸ்கிருதம் சொல்லிக்கொடுப்பது பாவம் என்று ஊர் சொன்ன காலத்தில் தன் மனைவி லட்சுமிபாய்க்குச் சொல்லிக்கொடுத்தவர். அம்மாவிடமிருந்து அது மகளுக்கு வந்தது. புராண சுலோகங்கள் ஆயிரக்கணக்கில் ரமாவுக்கு மனப்பாடம். குடும்பமே கோயில் கோயிலாக நடக்கும், புராணம் வாசிக்கும், கேட்பவர்கள் கொடுப்பதில் வாழும்.

பிறகு பஞ்சம் வந்தது. 1870-களில் அன்றைய சென்னை மாகாணத்தில் இந்தக் குடும்பம் அலைந்துகொண்டிருந்தது. கையில் இருந்ததை விற்று, தானம் கொடுத்து, விரதம் இருந்து, தெய்வம் கைவிடாது என்று காத்திருந்தார்கள். கைவிட்டது என்றுதான் ரமாவுக்கு அந்த வயதில் தோன்றியது. சில மாத இடைவெளியில் அப்பாவும் அம்மாவும் போனார்கள். பிறகு அக்கா. சாகக்கிடந்த அம்மாவுக்காக ஒரு துண்டு கம்பு ரொட்டி கேட்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றவர் ரமா. அப்போது அவருக்கு 16 வயது இருக்கும். இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைவில் வெச்சுக்கோங்க. இருபது வருஷம் கழிச்சு இது திரும்பி வரும்.

மிஞ்சியது ரமாவும் அண்ணன் ஸ்ரீனிவாசனும். வடக்கே காஷ்மீர் வரை நடந்தார்கள். 1878-ல் கல்கத்தா. அங்கே பண்டிதர்கள் கூடி இந்த இளம்பெண்ணைச் சோதித்துப் பார்த்து வாயடைத்துப்போனார்கள். பண்டிதை, சரஸ்வதி என்று பட்டங்கள் கொடுத்தார்கள்.

கிறிஸ்தவர்களை அவர் நெருக்கத்தில் பார்த்ததும் அங்கேதான். ஒரு கூட்டத்துக்கு அண்ணனும் தங்கையும் அழைக்கப்பட்டார்கள். வந்திருந்தவர்கள் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டதைப் பார்த்து, கலி முற்றிவிட்டது என்று நினைத்தார்களாம் இருவரும். அடுத்து எல்லோரும் நாற்காலிகளுக்கு எதிரே முழங்கால் போட்டுக் கண்ணை மூடினார்கள். ஓஹோ, இவர்கள் நாற்காலியைத்தான் கும்பிடுகிறார்கள் போல என்று முடிவுகட்டிவிட்டார் ரமா! பின்னாளில் அவரே இதை எழுதிவைத்திருக்கிறார். சமஸ்கிருத பைபிள் ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். படித்துப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. ஆக, முதல் சந்திப்பில் காதலும் இல்லை, ஒளியும் இல்லை. பிஸ்கட்தான்.

1880-ல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டு விபின் பிஹாரி என்ற வங்காள வழக்கறிஞரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார் ரமாபாய். வேறு சாதி, வேறு மொழி, வேறு மாகாணம். அசாமின் சில்சாரில் குடித்தனம். கணவரின் புத்தக அலமாரியில் வங்காளியில் லூக்கா நற்செய்தி கிடைத்தது. படித்தார், பிடித்திருந்தது. கிறிஸ்தவராகலாமா என்று பேச்செடுத்தபோது கணவருக்கு அது ரசிக்கவில்லை. 1881-ல் மகள் மனோரமா. 1882 பிப்ரவரியில் காலரா கணவரைக் கொண்டுபோனது. திருமணமாகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. ரமாபாய்க்கு வயது 23.

ஒரு உயர்சாதி விதவைக்கு அந்தக் காலத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ரமாபாய் அதற்கு உட்காரவில்லை. பூனாவுக்குப் போய் ஆர்ய மகிளா சமாஜம் தொடங்கினார். பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் வேண்டும் என்று அரசின் கல்விக் கமிஷன் முன்னால் சாட்சி சொன்னார். தானே மருத்துவம் படிக்கலாம் என்று முடிவெடுத்தார். ஒரு புத்தகம் எழுதி, அதன் வருமானத்தில் 1883-ல் மகளோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கூடவே தோழி ஆனந்திபாய் பகத். கிளம்பும்போது ஊருக்கு ஓர் உறுதி கொடுத்துவிட்டுத்தான் போனார்: மதம் மாற மாட்டேன்.

இங்கேதான் கதை சிக்கலாகிறது.

இங்கிலாந்தில் வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் சபைச் சகோதரிகளின் மடத்தில் தங்கினார். தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஈடாக, இந்தியாவுக்குப் போகவிருந்த சகோதரிகளுக்கு மராத்தி சொல்லிக்கொடுத்தார். இலவசமாகச் சாப்பிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்திருக்கிறார். ஆனாலும் சாப்பிட்டது அவர்கள் மேசையில்தானே? டாக்டர் கனவு சீக்கிரமே உடைந்தது. அவருக்குக் காது சரியாகக் கேட்காது, மருத்துவப் படிப்புக்கு அது தடை. பிறகு இன்னும் மோசமான ஒன்று. கூட வந்த தோழி ஆனந்திபாய் பகத் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார். மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம் அவரைத் தின்றதாகச் சொல்லப்பட்டது.

அந்நிய நாடு, கையில் இரண்டு வயதுக் குழந்தை, உடைந்துபோன படிப்பு, செத்துப்போன தோழி. அதே ஆண்டு செப்டம்பர் 29-ம் தேதி ரமாபாயும் மனோரமாவும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இப்ப சொல்லுங்க, அந்த முடிவு எங்கிருந்து வந்திருக்கும்?

பூனா பத்திரிகைகளுக்குச் சந்தேகமே இல்லை. கொடுத்த வாக்கை மீறினார், விலை போனார். ஜோதிராவ் புலே போன்ற மிகச் சிலர்தான் அவருக்காகப் பேசினார்கள். ரமாபாய் சொன்ன காரணம் வேறு. சகோதரிகள் அவரை லண்டனில் ஃபுல்ஹாம் பகுதியில் இருந்த ஓர் இல்லத்துக்குக் கூட்டிப்போனார்கள். ‘கெட்டுப்போனவர்கள்’ என்று ஊர் ஒதுக்கிய பெண்களை அங்கே சகோதரிகள் மனுஷிகளாக நடத்துவதைப் பார்த்தார். தன் ஊரில் அப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். பதிலுக்கு ஒரு சகோதரி, கிணற்றடியில் சமாரியப் பெண்ணை இயேசு சந்தித்த கதையை யோவான் நற்செய்தியிலிருந்து வாசித்துக்காட்டினார். பல ஆண்களோடு வாழ்ந்தவள், வேற்று இனத்தவள் என்று எல்லோரும் விலக்கிய பெண்ணிடம் தண்ணீர் கேட்டு, உட்கார்ந்து பேசிய கதை. பெண்களுக்கு ஒரு வழி இருக்கிறது என்றால் அது இந்த மனிதரிடம்தான் என்று ரமாபாய்க்குத் தோன்றியது.

அழகான காரணம். நானாக இருந்தால் இதோடு திருப்தியடைந்து கதையை முடித்திருப்பேன். அவர் முடிக்கவில்லை.

அதற்கு முன், விலை போனார் என்ற குற்றச்சாட்டைக் கொஞ்சம் பார்ப்போம். ஏன்னா, அடுத்த மூன்று வருடங்கள் ரமாபாய் தனக்குச் சோறு போட்ட சபையோடு சண்டைதான் போட்டார். திரித்துவக் கொள்கையை அப்படியே ஏற்க முடியாது என்றார். பிஷப் சொல்லிவிட்டால் யோசிக்காமல் தலையாட்டணுமா என்று கேட்டார். சிலுவையில் எதற்கு லத்தீன் எழுத்து, என் மண்ணின் சமஸ்கிருதம் இருக்கக் கூடாதா என்றார். சைவ உணவை விடவில்லை. செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் ஆண்களுக்கும் பாடம் எடுக்கும் யோசனை வந்தபோது, இந்தியாவில் உன் பேர் கெட்டுப்போகும் என்று பிஷப்புகள் தடுத்தார்கள். கொதித்துப்போனார். அவருடைய ஞானத்தாயான சகோதரி ஜெரால்டினுடனான கடிதங்களில் இந்தச் சண்டை முழுக்கப் பதிவாகியிருக்கிறது. ஜெரால்டினுக்கு இதெல்லாம் ஆணவமாகப் பட்டது. ரமாபாய்க்கோ, தான் கட்டுப்பட்டது கிறிஸ்துவுக்கு, ஒரு சபையின் சட்டப் புத்தகத்துக்கு அல்ல.

காசுக்கு வந்தவர் காசு கொடுக்கிறவர்களோடு இப்படி மல்லுக்கட்ட மாட்டார். அது ஒரு நல்ல சாட்சி. ஆனா நியாயமா சொல்லணும்னா, ஜெரால்டின் சொன்னதிலும் ஒரு துளி இருக்கலாம். வாழ்நாள் முழுக்கப் பண்டிதை என்று கொண்டாடப்பட்ட ஒருவருக்கு, யாருக்கும் பணிய மாட்டேன் என்பதே ஒரு போதையாகியிருக்கலாம். சுயமரியாதையும் கர்வமும் பக்கத்துப் பக்கத்து வீடு. கதவு மாறித் தட்டுவது நமக்கெல்லாம் நடப்பதுதான்.

1886-ல் அமெரிக்கா. இந்தியப் பெண் மருத்துவர்களின் முன்னோடியான ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்ஃபியாவில் பட்டம் வாங்குவதைப் பார்க்கப் போனவர், அங்கேயே இரண்டு வருடத்துக்கு மேல் தங்கி ஊர் ஊராகப் பேசினார். உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி எழுதிய புத்தகம் நன்றாக விற்றது. பாஸ்டனில் ஒரு சங்கம் அமைந்து பத்து வருடத்துக்குப் பண உதவி செய்வதாக ஒப்புக்கொண்டது. ஒரே நிபந்தனை: இல்லத்தில் மதம் புகுத்தக் கூடாது. 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதன் திறக்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர் கோதுபாய் என்ற இளம் விதவை. பின்னாளில் மகரிஷி கார்வேயை மறுமணம் செய்துகொண்டவர். அடுத்த வருடமே சதன் பூனாவுக்கு மாறியது.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் செட்டில். உலகப் புகழ், சொந்த நிறுவனம், ஒரு லட்சியம். அப்போதுதான் அவர் ஒரு புத்தகத்தைப் படித்தார். வில்லியம் ஹாஸ்லம் என்ற ஆங்கிலேய போதகர் எழுதிய சுயசரிதை. இந்த ஹாஸ்லமின் கதை வேடிக்கையானது. கார்ன்வால் பகுதியில் பல வருடம் போதகராக இருந்தவர். சர்ச் கட்டினார், சடங்கெல்லாம் சுத்தமாகச் செய்தார். ஒரு ஞாயிறு, தான் செய்துகொண்டிருந்த பிரசங்கத்திலேயே தான் மனம் மாறினார்! கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து, போதகர் மனம் திரும்பிவிட்டார் என்று கத்தியதாக அவரே எழுதுகிறார். அதாவது அத்தனை வருடம் அவர் நடத்தியது என்ன?

ரமாபாய்க்கு அது கண்ணாடி பார்ப்பது போல இருந்திருக்க வேண்டும். அவர் தன்னைத்தானே குறுக்கு விசாரணை செய்தார். ஞானஸ்நானம் வாங்கி எட்டு வருடம் ஆன பிறகு அவர் வந்து சேர்ந்த முடிவு இது: கிறிஸ்தவம் என்ற மதம் எனக்குக் கிடைத்தது, நல்ல மதம், முன்பு பார்த்தவற்றைவிட எனக்குப் பொருத்தமானது, ஆனால் அதற்கு உயிரான கிறிஸ்துவை நான் கண்டடையவே இல்லை. பெண்களுக்கு நல்லது செய்யும் ஒரு ஏற்பாட்டை நேசித்தேன். அந்த மனிதரை அல்ல.

இதை மனசுக்குள் நினைத்துக்கொள்வது ஒன்று. அச்சில் போடுவது வேறு. 1907-ல் தன் வாழ்க்கைச் சாட்சியில் இதை வெளிப்படையாக எழுதினார். அதன் விலையை யோசிச்சுப் பாருங்க. மாறியதே பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஆமாம், அதில் குறை இருந்தது என்று அவரே எடுத்துக்கொடுக்கிறார். அவரை வெற்றிக்கோப்பையாகத் தூக்கிக் காட்டிய மிஷனரிகளுக்கு, நீங்கள் ஞானஸ்நானம் கொடுத்தபோது நான் முழுசாக வந்து சேரவில்லை என்கிறார். இரண்டு பக்கமும் கை தட்டாத ஒரு வாக்குமூலம்.

கவனிச்சீங்களா, தன் பழைய காரணம் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. விதவைகளுக்காகத் துடித்தது பொய்யில்லை. சமாரியப் பெண்ணின் கதை கேட்டு உருகியதும் பொய்யில்லை. பசியைப் போல, அவமானத்தைப் போல, அதுவும் வாசல்வரை கொண்டுவந்து விட்டது. வாசலிலேயே எட்டு வருடம் நின்றுகொண்டு, உள்ளே இருப்பதாக நினைத்திருக்கிறார். அவ்வளவுதான் அவருக்குத் தன் மேல் இருந்த வழக்கு.

இந்த மாற்றம் சதனையும் தொட்டது. தன் அறைக் கதவைத் திறந்து வைத்தே ஜெபம் செய்தார். யாரையும் கூப்பிடவில்லை. ஆனால், சில பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நடுநிலை என்று சொன்னீர்களே என்று பூனா வெடித்தது. திலகரின் கேசரி கடுமையாகத் தாக்கியது. 1893-ல் ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். சுமார் 25 பெண்களைக் குடும்பங்கள் திரும்ப அழைத்துக்கொண்டன. கதவை மூடிக்கொண்டு ஜெபித்திருந்தால் எல்லாம் காப்பாற்றப்பட்டிருக்கும். என் நம்பிக்கையை ஒளித்துவைக்கும்படி யாரும் நிபந்தனை போடவில்லை என்பது அவர் வாதம். அந்தப் பெற்றோரின் கோபத்தையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. வீட்டில் மரியாதையே இல்லாத ஒரு சிறு பெண்ணுக்கு, தன்னை முதன்முதலாக மதித்த டீச்சரின் திறந்த கதவு வெறும் கதவா என்ன?

அந்தக் கேள்வி பெரிதாகி வந்தது 1896-ல். மத்திய மாகாணங்களில் பஞ்சம். ரமாபாய்க்கு அந்தக் கம்பு ரொட்டி நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா? கிளம்பிப் போனார். அநாதைகளாக, எலும்பும் தோலுமாக, தரகர்கள் கையில் சிக்கவிருந்த சிறுமிகளும் இளம்பெண்களுமாகச் சுமார் 300 பேரைக் கூட்டிவந்தார். பூனாவுக்கு அருகே கேட்காவ் என்ற ஊரில் அவர் வாங்கியிருந்த நிலத்தில் முக்தி எழுந்தது. 1900-ல் குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே ஏறக்குறைய 2,000 பேர். நெசவு, விவசாயம், எண்ணெய் ஆட்டுவது, அச்சுவேலை எல்லாம் பெண்களே கற்றுக்கொண்டார்கள். பார்வையற்ற பெண்களுக்கு பிரெய்ல் கற்றுக்கொடுக்கப்பட்டது.

அவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்களானார்கள்.

நம்ம ஊர்ல ஒரு கிண்டல் உண்டு, அரிசிக் கிறிஸ்தவர்கள்னு. சோத்துக்கு மாறினவங்க. ரமாபாய் மேல் அதே கிண்டல் வேறு மொழியில் விழுந்தது. தன் நோக்கத்தையே எட்டு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்த ஒரு பெண், பத்து வயதுப் பஞ்சச் சிறுமியின் நோக்கத்தை எப்படி அளந்தார்? இந்த இடம் எனக்கு நெருடுகிறது. உயிரைக் காப்பாற்றியவர் கும்பிடும் சாமியைக் கும்பிடாமல் இருக்க ஒரு குழந்தையால் எளிதில் முடியாது. அதே சமயம், அன்று அந்தக் குழந்தையைத் தெருவில் விட்டுவிட்டு நோக்கத்தைப் பற்றி விவாதம் நடத்த வேறு எத்தனை பேர் தயாராக இருந்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ரமாபாய் முதலில் சோறு போட்டார். ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டதாலேயே யாரும் வந்து சேர்ந்துவிட்டதாக அவர் நம்பவில்லை, தன் கதை அவருக்கு மறக்கவில்லை. 1905-ல் முக்தியில் பெண்கள் அழுது, பாவ அறிக்கை செய்து, இரவெல்லாம் ஜெபித்த எழுப்புதல் நடந்தது. அதற்காகவே மாதக்கணக்கில் ஜெபக் குழுக்களை அவர் கூட்டியிருந்தார்.

கடைசி வருடங்களில் அவர் எடுத்துக்கொண்ட வேலை பைபிளை எளிய மராத்தியில் கொண்டுவருவது. கல்கத்தாவில் கொடுத்த சமஸ்கிருத பைபிள் பெரிய பண்டிதையான தனக்கே பிடிபடவில்லையே! கிராமத்துப் பெண் யார் உதவியும் இல்லாமல் தானே படித்து, தானே முடிவெடுக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று நினைத்தார். அதற்காக நடுவயதில் எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். காது ஏறக்குறைய முழுக்கக் கேட்காமல் போயிருந்தது. எழுத்துக் கோத்ததும், அச்சடித்ததும் முக்தியின் பெண்கள். பட்டினியில் வந்து சேர்ந்து, அங்கேயே எழுத்துப் படித்தவர்கள்.

1921 ஜூலையில் மகள் மனோரமா இறந்தார். தனக்குப் பிறகு முக்தியைப் பார்த்துக்கொள்வாள் என்று நம்பியிருந்த ஒரே மகள். ரமாபாய் மொழிபெயர்ப்பு வேலையைத் தொடர்ந்தார், முடித்தார். 1922 ஏப்ரல் 5 அன்று, 64-வது பிறந்தநாளுக்கு இரண்டரை வாரம் இருக்கும்போது, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். முழு பைபிளும் அச்சாகி வெளிவந்தபோது அதைக் கையில் வாங்கிப் பார்க்க அம்மாவும் இல்லை, மகளும் இல்லை. கிணற்றடிக்கு வந்த அந்தச் சமாரியப் பெண்ணின் பக்கமும் கேட்காவ் அச்சுக்கூடத்தில், ஒரு பெண்ணின் கையால்தான், எழுத்து எழுத்தாகக் கோக்கப்பட்டிருந்தது.